மலைக்கும் ஏரிக்கும் நடுவே குன்றத்தூர்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் தொலைக்காட்சிச் செய்தியில் சில ஊர்ப்பெயர்கள் ஒரே வரிசையில் வாசிக்கப்படும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திறக்கப்படுகிறது, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள் என்பது அறிவிப்பு. சென்னைக்குள் குடியிருக்கும் பலருக்குக் குன்றத்தூர் அறிமுகமானது இந்த வரிசையில்தான். மற்றவர்களுக்கு அது மனை விளம்பரத்தில் வரும் பெயர், அல்லது உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஒருமுறை ஏறிவந்த முருகன் மலை.

இந்த மூன்றும் ஒரே ஊரின் மூன்று முகங்கள். மூன்றுக்கும் காரணம் அந்த ஊர் அமைந்திருக்கும் இடம். மேற்கே சென்னைக்குக் குடிநீர் தரும் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. தெற்கிலும் தென்கிழக்கிலும் அடையாறு. நடுவே ஒரு சிறு குன்று. சுற்றிலும் ஒருகாலத்தில் ஏரிப்பாசனத்தில் விளைந்த வயல்கள், இன்று அடுக்குமாடிகள். நகரம் இந்த ஊரிடமிருந்து தண்ணீரையும் கல்லையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. எடுத்ததற்கு ஈடாக ஊரின் நீர்வழிகளைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. குன்றத்தூரைப் பற்றி வேறு எதைப் பேசுவதற்கும் முன் பேசவேண்டியது இது என்று நினைக்கிறேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். ரயில் கிடையாது, ரயிலேற வேண்டுமென்றால் பல்லாவரத்துக்கோ தாம்பரத்துக்கோ போகவேண்டும். ஆகவே குன்றத்தூர் முழுக்க முழுக்கச் சாலையால் வளர்ந்த ஊர். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாக ஒரு சாலை, போரூரிலிருந்து கெருகம்பாக்கம், கோவூர் வழியாக ஒரு சாலை, பூந்தமல்லியிலிருந்து மாங்காடு வழியாக ஒன்று, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏரியை ஒட்டி ஒன்று என நாலு பக்கத்துச் சாலைகளும் இங்கே வந்து சேர்கின்றன. தாம்பரத்துக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஓடும் 66ஆம் எண் பேருந்தில் போனவர்களுக்கு இந்த ஊரின் கடைத்தெரு நெரிசல் மனப்பாடமாகியிருக்கும்.

அமைச்சர் பிறந்த ஊர்

சென்னை என்று ஒரு நகரம் உருவாவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே குன்றத்தூர் பெயர்பெற்ற ஊர். தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் ஒன்றான புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. அதற்கும் முந்தைய மனித வாழ்வுக்குச் சான்றாகப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இந்தப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. சற்றுத் தள்ளிப் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலின் போக்கையே மாற்றிய கண்டெடுப்பு அது.

ஆனால் குன்றத்தூர் என்றதும் தமிழ் படித்தவர்களின் நினைவுக்கு வருபவர் சேக்கிழார். இயற்பெயர் அருண்மொழித்தேவர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கச் சோழனிடம் அமைச்சராக இருந்து, உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டம் பெற்றவர். நிலத்திலும் பெரியது எது, கடலிலும் பெரியது எது, மலையிலும் பெரியது எது என்று அரசன் கேட்டனுப்ப, தந்தைக்குப் பதில் தெரியாமல் போக, மகன் மூன்று குறள்களையே விடையாக எழுதியனுப்பினான் என்றொரு கதை வழங்குகிறது. காலத்தினால் செய்த நன்றி நிலத்தைவிடப் பெரிது, பயன் கருதாமல் செய்த உதவி கடலைவிடப் பெரிது, நிலைமாறாத அடக்கம் மலையைவிடப் பெரிது. குன்றத்தூரில் வளர்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே காதில் விழுகிற கதை.

பெரியபுராணத்தைச் சேக்கிழார் எழுதியது சிதம்பரத்தில், ஆயிரங்கால் மண்டபத்தில். 'உலகெலாம்' என்று இறைவனே முதலடி எடுத்துக்கொடுத்தார் என்பது சைவ மரபு. அறுபத்துமூவர் வரலாற்றைச் சொல்லும் அந்தப் பன்னிரண்டாம் திருமுறையை இந்த ஊரின் பக்கத்திலிருந்து வாசித்தால் வேறொன்றும் கண்ணில்படும். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் திருநின்றவூர்க்காரர். மூர்க்க நாயனார் திருவேற்காடு. வாயிலார் மயிலாப்பூர். விளக்கெரிக்க எண்ணெய்க்கு வழியில்லாமல் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்த கலியர் திருவொற்றியூர். இன்று பேருந்திலும் மின்ரயிலிலும் நாம் கடந்துபோகிற ஊர்கள்தான் எல்லாம். சோழ நாட்டு அரசவைக்குப் போன தொண்டை நாட்டுக்காரர், தன் பக்கத்து ஊர்களின் மனிதர்களையும் மறக்காமல் கூட்டிப்போயிருக்கிறார். குயவர், வண்ணார், மீனவர், நெசவாளர் என்று அவர் பாடிய அடியார்களில் உழைப்பாளிகள் நிறையப் பேர்.

கும்பகோணத்துக்கு அருகேயுள்ள திருநாகேஸ்வரத்தில் அவருக்கு அளவற்ற ஈடுபாடு. அங்கே நினைத்தபோதெல்லாம் போய்வர முடியாததால், சொந்த ஊரிலேயே அதே பெயரில் ஒரு கோயில் கட்டினார். வட திருநாகேஸ்வரம் என்று வழங்கும் அந்தக் கோயில் இன்று ராகு தலமாகக் கொண்டாடப்படுகிறது. சேக்கிழாருக்கும் ஊரில் தனிக் கோயில் உண்டு. வைகாசிப் பூசத்தில் குருபூசை நடக்கும்.

குன்றின் மேலே முருகன். 84 படிகள், முதியவர்களும் நின்று நின்று ஏறிவிடக்கூடிய உயரம்தான். திருப்போரூரில் போர் முடித்துத் திருத்தணிக்குப் போகும் வழியில் முருகன் தங்கிய இடம் என்பது தலவரலாறு. வடக்கு நோக்கிய சன்னிதியில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் நின்று பார்த்தால் முருகனோடு வள்ளி மட்டுமே தெரிவார். மறுபக்கம் நகர்ந்தால் தெய்வானை மட்டுமே. இருவரையும் ஒருசேரப் பார்க்க முடியாதபடி கருவறை வாசல் அமைந்திருக்கிறது. முகூர்த்த நாளில் காலையில் போனால் மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாகப் படியேறி வருவார்கள். அடிவாரத்தில் மண்டபங்கள், பூக்கடைகள், பந்தி சமையல்காரர்கள், நாதஸ்வரக்காரர்கள், வேன் ஓட்டுகிறவர்கள் என ஊரின் கணிசமான வருமானம் இந்தக் கல்யாணங்களை நம்பித்தான். சென்னையைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்களில் குன்றத்தூரும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களும்தான் பெரும்பங்கு. கோவூர் புதன், மாங்காடு சுக்கிரன், கெருகம்பாக்கம் கேது, கொளப்பாக்கம் சூரியன், சோமங்கலம் சந்திரன். ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றிவரும் வேன்கள் விடுமுறை நாட்களில் இந்தச் சாலைகளை நிறைத்துவிடும். கோவூரில் இசைமேதை தியாகராஜர் வந்து தங்கி, அந்த ஊர்க் கோயிலின் சுந்தரேசுவரர் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். இன்று கோவூர் பஞ்சரத்தினம் என்று கச்சேரிகளில் பாடப்படுபவை அவைதான்.

தறிச் சத்தம்

காஞ்சிபுரம், ஆரணி அளவுக்குப் பெயர் எடுக்காவிட்டாலும் குன்றத்தூரும் பட்டு நெசவு நடக்கிற ஊர். பக்கத்து அனகாபுத்தூரும் நெசவூர்தான், ஆனால் சரக்கு வேறு. அங்கே நெய்த 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்ற கட்டம்போட்ட பருத்தித் துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறிப் போனது. அந்தச் சந்தை கைவிட்டுப் போனதும் தறிகள் மளமளவெனக் குறைந்தன. இன்று அங்கே எஞ்சியிருப்பவர்களில் சிலர் வாழைநாரில் சேலை நெய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

குன்றத்தூர்த் தறிகளில் ஓடுவது பட்டும் ஜரிகையும். குழித்தறி என்றால் வீட்டுக்குள்ளேயே தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்வது. தலைக்கு மேலே சேலையில் வடிவம் போடும் ஜக்கார்டு கருவி, அதில் துளைபோட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக நகரும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைச் சேலை போட்டால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும். ஒருவர் கைக்கு அது முடியாது. கரைப் பக்கம் உட்கார்ந்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் மனைவி, அல்லது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை. கடையில் ஒரு சேலைக்கு ஒரு விலை. நெய்தவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் இரண்டு பேரின் நாட்கள் அடங்கியிருக்கின்றன என்பதை விலைச்சீட்டு சொல்லாது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கரைபோட்ட பட்டுச்சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமென்று ஒதுக்கியது. ஆனாலும் விசைத்தறிப் போட்டி நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போனால் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் கிடைக்கும் என்றிருக்கும்போது, பிள்ளை தறிக்குழியில் இறங்கவேண்டும் என்று எந்தத் தகப்பனும் வற்புறுத்துவதில்லை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தறிக்கும் தண்ணீருக்கும் ஓர் உறவு உண்டு. அடைமழை பிடித்தால் குழித்தறியில் ஊற்றுக் கிளம்பிவிடும். ஈரக்காற்றில் பாவின், அதாவது நீளவாக்கு நூல்களின், இழுவை மாறும். குழி காயும்வரை வேலையில்லை. வேலையில்லாத நாளுக்குக் கூலியில்லை. வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் இடிந்த வீடும் செத்த மாடும் வரும். ஓடாமல் நின்ற தறி வருவது அபூர்வம்.

24 அடி

செம்பரம்பாக்கம் ஏரியின் பரப்பு சுமார் 6,300 ஏக்கர். முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அடிப்படையில் இது வயலுக்குத் தண்ணீர் விட்ட பழைய பாசன ஏரி. நகரம் வளர வளரக் குடிநீர்த் தேக்கமானது. 1983இல் ஆந்திரத்தோடு செய்துகொண்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா தண்ணீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்கு வந்து, அங்கிருந்து இணைப்புக் கால்வாய் வழியாக இங்கேயும் வந்து சேர்ந்தது. 2007இல் ஏரிக்கரையில் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஏரி நிரம்பியிருந்து, ஆவியாவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த நிலையத்தை முழுமூச்சாக ஓட்ட சுமார் 195 நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அரை ஆண்டுக்கும் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கைப் பார்த்தால், ஏரி நிரம்பட்டும் என்று நகரம் ஏன் ஏங்குகிறது என்பது புரியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கோடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஏரி நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கவேண்டுமென்றால் ஏரியில் இடம் காலியாக இருக்கவேண்டும். ஒரே ஏரி இரண்டு வேலையும் செய்ய முடியாது. அக்டோபரில் வெறும் ஏரியைப் பார்த்து அதிகாரிகளின் கை தண்ணீரைச் சேமிக்கவே போகும். டிசம்பரில் புயல் வந்தால் சேமித்ததெல்லாம் ஒரே இரவில் பாரமாகிவிடும்.

2015இல் நடந்தது அதுதான். நவம்பர் மழையிலேயே ஏரி நிறைந்து வந்துவிட்டது. டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலைவரை செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியின் நீர்ப்பரப்பில் நேரடியாக விழுந்த மழையை மட்டும் கணக்கிட்டாலே 420 மில்லியன் கன அடி ஆகிறது. ஏரியின் கொள்ளளவில் ஒன்பதில் ஒரு பங்கு, வானத்திலிருந்து நேராக. மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர் அதற்கு மேல். மதகு திறந்தாக வேண்டிய கட்டாயம். அன்று வெளியேற்றிய நீரின் அளவு விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு எட்டு லட்சத்துக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டால் ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகிவிடும்.

5 கண் மதகு, 19 கண் மதகு என்று ஏரிக்கு இரண்டு பெரிய மதகுகள். திறந்தால் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போய்த் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கும். நீர் அதிகமாகப் போகும் நாட்களில் குன்றத்தூர் – ஸ்ரீபெரும்புதூர் சாலையே துண்டிக்கப்படும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அடையாறு அதற்குள்ளாகவே மணிமங்கலம், வரதராஜபுரம், முடிச்சூர்ப் பக்கத்து வெள்ளத்தோடு நிறைந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே ஆற்றில் போகிற வெள்ளத்தைக் காணச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்தில்தான் கேமராக்கள் காத்திருக்கும். முதலில் நனைகிற ஊர் கேமராவில் கடைசியில்தான் வரும்.

2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அந்த வெள்ளத்தில் மனிதத் தவறு இருந்தது என்று சொன்னது. திறப்பு அளவை முடிவுசெய்த விதத்தைக் குறைகூறியது. அதற்குப் பிறகு நடைமுறை மாறியது. ஏரி நிரம்பக் காத்திராமல் 21, 22 அடியிலேயே சிறிது சிறிதாகத் திறக்கிறார்கள். 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயல் கரையைக் கடக்கும் முன்பே, 22 அடியை எட்டியதும் ஆயிரம் கன அடியில் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு மதகு திறந்த நாள் அது; நகரம் முழுவதும் 2015ஐ நினைத்துப் பதறியது. பெரிய சேதம் வரவில்லை. 2021இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே முறைதான். இது நல்ல மாற்றம், மனமாரப் பாராட்டவேண்டியது. ஆனால் சிறிது சிறிதாகத் திறந்த தண்ணீரும் போய்ச் சேர ஒரு வழி வேண்டுமே. அந்த வழியில்தான் மனைகள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கல் எடுத்த பள்ளம்

குன்றத்தூரிலிருந்து மாங்காடு போகும் வழியில் சிக்கராயபுரம். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட கைவிட்ட கல்குவாரிகள். சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லி போன பள்ளங்கள். கல் எடுத்து முடித்ததும் விட்டுவிட்டுப் போனார்கள்; மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்து, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழமான பச்சை நீர் தேங்கியது. குளிக்கப் போன இளைஞர்கள் பலர் அதில் உயிரை விட்டிருக்கிறார்கள். கால் ஊன்ற விளிம்பு இல்லாத நீர்நிலை அது. நீச்சல் தெரிந்தவரும் ஏறிவர முடியாது.

2017இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அதிகாரிகளின் பார்வை இந்தப் பள்ளங்களின் மீது திரும்பியது. நீரைச் சோதித்துப் பார்த்து, குழாய் போட்டுச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் நகரத்துக்கு விநியோகித்தார்கள். 2019இல் செம்பரம்பாக்கம் ஏரி வெடிப்பு விட்ட சேறாகக் கிடந்த கோடையிலும் இதே குவாரிகள் கைகொடுத்தன. ஊரின் மலையை வெட்டி எடுத்த இடத்திலிருந்தே நகரத்துக்குத் தண்ணீரும் போயிற்று.

இந்த அனுபவத்திலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வறட்சி வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் அவசர ஏற்பாடாக இந்தக் குவாரிகளை வைத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் சுற்றுவட்டார வெள்ளநீரை முறையாக இவற்றுக்குத் திருப்பினால் கீழே போகும் நீரின் அளவு கொஞ்சமேனும் குறையும், கோடைக்குச் சேமிப்பும் ஆகும். செம்பரம்பாக்கத்தின் 29,000 கன அடியை இவை விழுங்கிவிடாது. அந்த அளவுக்கு இவற்றில் இடமில்லை. ஆனால் மாங்காடு, கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் தெருக்களில் முழங்கால் அளவு தேங்குகிற தண்ணீருக்கு இவை போதும். முதலில் செய்யவேண்டியது, சுற்றிலும் வேலி போட்டுக் குப்பை கொட்டாமல் காப்பது.

இரண்டு வளையச் சாலைகளுக்கு நடுவே

குன்றத்தூரின் அண்மைக்கால வளர்ச்சியைப் புரிந்துகொள்ள வரைபடத்தில் இரண்டு கோடுகளைப் பார்த்தால் போதும். கிழக்கே பெருங்களத்தூர் – புழல் புறவழிச்சாலை. மேற்கே வண்டலூரிலிருந்து மீஞ்சூர்வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய நிலம் குன்றத்தூர். ஒரு பக்கம் போரூர், மணப்பாக்கத்தின் ஐ.டி. அலுவலகங்கள். மறுபக்கம் 1998 முதல் கார் தயாரிக்கும் இருங்காட்டுக்கோட்டையும், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டைகளும். பக்கத்திலேயே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. வீட்டில் ஒருவர் ஐ.டி.க்கும் ஒருவர் தொழிற்சாலைக்கும் போகிற குடும்பத்துக்கு இதைவிட வசதியான நடுப்புள்ளி இல்லை. விடியற்காலையில் நாற்சந்தியில் நின்றால் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். தமிழோடு இந்தியும் ஒடியாவும் கேட்கும்.

நிர்வாகம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து 2021இல்தான் நகராட்சியானது. அதே ஆண்டு பம்மலும் அனகாபுத்தூரும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தன. ஒரே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளிப்போனால் உள்ளாட்சி மாறுகிறது, மாவட்டம் மாறுகிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது குன்றத்தூர் காஞ்சிபுரத்தோடு நின்றது. இன்று அந்த மாவட்டத்தின் ஐந்து வட்டங்களில் ஒன்று. கோட்டின் மறுபக்கம் பல்லாவரம், தாம்பரம், அடையாற்றின் கீழ்ப்பகுதி. ஏரி நீர்வளத்துறையிடம், குடிநீர் மெட்ரோ வாட்டரிடம், கட்டட அனுமதி பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம், சாலை நெடுஞ்சாலைத்துறையிடம், தெருவடிகால் நகராட்சியிடம். தெருவில் தண்ணீர் நின்றால் யாரிடம் போவது என்று கேட்பவருக்கு ஐந்து கதவுகள் இருக்கின்றன. ஐந்தையும் தட்டிவிட்டு வந்தவர்கள் இந்த ஊரில் நிறைய.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லித் தடம் போரூர் வழியாகப் போகிறது. குன்றத்தூர் அதில் இல்லை. ஆனால் வீடு விற்கிறவர்கள் அந்தத் தடத்தைக் காட்டியே விலை சொல்கிறார்கள். போரூர் வரை போய் ரயிலேற வேண்டும் என்றால், போரூர் – குன்றத்தூர் சாலையை அகலப்படுத்தி, நிற்காமல் ஓடும் சிறு பேருந்துகளை விடாமல் அந்த மெட்ரோ இந்த ஊருக்குப் பயன்படாது.

அந்தச் சாலையில்தான் மௌலிவாக்கம் இருக்கிறது. 2014 ஜூன் 28 மாலை, மழைக்கு நடுவே, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதே திட்டத்தின் இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது, தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. இறந்துபோன 61 பேரைவிட அந்தத் தகர்ப்பு இன்று பலருக்கு நினைவிருக்கிறது என்பது வேதனை. சேற்று நிலத்தில் உயரமாகக் கட்டும்போது அடித்தளத்துக்கு எவ்வளவு ஆழம் போகவேண்டும், யார் அதைச் சோதிக்கவேண்டும் என்ற கேள்வி அன்று எழுந்தது. இந்தச் சாலை நெடுகிலும் இன்றும் எழுகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் அது பொருந்தும்.

ஏரிப்பாசன ஊரில் நிலம் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் இங்கே வாங்குவதும் கட்டுவதும் எளிதாகும். மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல், கடைசியில் வடிகால். உடம்பில் ரத்தநாளம் ஓடுவதுபோல் நீர் ஓடிய நிலம். வயல் போய் மனையானபோது வயலுக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று, சரிவு மாறவில்லை. வாய்க்கால் தூர்ந்தாலும் மழை பெய்தால் தண்ணீர் பழைய பாதையையே தேடிவரும். 'நாங்கள் வாங்கும்போது இங்கே வாய்க்காலே இல்லையே' என்று சொல்கிறவர்களின் வீட்டு வரவேற்பறைக்குள் அது வந்து நிற்கும்.

குன்றத்தூரில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர்கள் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்தச் சர்வே எண்ணின் புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். அக்கம்பக்கத்துச் சர்வே எண்களில் எது வாய்க்கால் புறம்போக்கு, எது ஏரி, எது குட்டை என்பது கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இருக்கும். மனைக்காரர் தரும் வண்ணப் படத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கும் நீளமான துண்டு, கிராம வரைபடத்தில் என்னவாக இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று விற்பவரைக் கேட்காதீர்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் பழைய குடியிருப்புக்காரரைக் கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார்.